ஒரு நாளிற் குடிக்கும் சீனி

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மாணவர்களே, சீனியைக் கூடுதலாக உண்பதால் ஏற்படும் தீமைகள் இரண்டு தருமாறு கேட்டால் நீரிழிவு, பற்சிதைவு என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள். "விளக்குக" என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்திலும் விஞ்ஞானத்திலும் வரும் இவ்விடயத்தை மனனம் செய்வதைவிட, உங்களைப் போன்ற ஒருவரின் ஒரு நாளை எடுத்துக் கணக்குப் பார்ப்பது இலகுவானது.

கலஹா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கண்டி நகரிலுள்ள பாடசாலைக்கு பஸ்ஸில் வரும் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். காலையில் அம்மா ஊற்றிக் கொடுக்கும் தேநீரில் மூன்று தேக்கரண்டி சீனி. பாடசாலை விட்டு வகுப்புக்குப் போகும் வழியில் 400 மில்லிலீற்றர் மென்பானம் ஒரு போத்தல். வீடு திரும்பியதும் ஒரு தேநீர். இரவு படிக்கும்போது தூக்கம் வராமலிருக்க இன்னும் இரண்டு. எல்லாவற்றிலும் அதே மூன்று கரண்டி.

மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். (எங்கள் வீடுகளில் யாரும் மட்டமாக அள்ளுவதில்லை என்பது வேறு விடயம்.) எனவே ஒரு கோப்பையில் 12 கிராம், நான்கு கோப்பைகளில் 48 கிராம். மென்பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 9 கிராம் சீனி என்று குறிக்கப்பட்டிருந்தால், 400 மில்லிலீற்றரில் 36 கிராம். மொத்தம் 84 கிராம், அதாவது 21 தேக்கரண்டி. இடைவேளையில் வாங்கிய கிம்புலா பணிஸின் மேலிருந்த சீனியையும் பிஸ்கற்றையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

84 கிராம் கூடுதலா, குறைவா? உலக சுகாதார தாபனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நாளொன்றுக்குத் தேவையான சக்தியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இத்தகைய சீனியிலிருந்து பெறப்பட வேண்டும். 5 சதவீதத்துக்கும் குறைத்தால் மேலும் நன்று. ஒரு கிராம் சீனி 4 கிலோ கலோரி தரும். நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 10 சதவீதம் 200 கிலோ கலோரி. அது 50 கிராம் சீனி. 5 சதவீதம் என்றால் 25 கிராம். வளரும் வயதில், விளையாட்டிலும் ஈடுபடும் மாணவனுக்கு 2500 கிலோ கலோரி தேவை என்று வைத்தாலும் 62.5 கிராம்தான் வரும். எங்கள் மாணவன் அதையும் தாண்டிவிட்டான்.

"இத்தகைய சீனி" என்றதைக் கவனியுங்கள். பலர் புள்ளி இழப்பது இங்கேதான். நாமோ உற்பத்தியாளரோ உணவிற் சேர்க்கும் சீனியும், தேன், பாணி, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சீனியும் இக்கணக்கில் அடங்கும். முழுப் பழத்திலுள்ள சீனியும் பாலில் இயற்கையாக உள்ள இலற்றோசும் அடங்கா. ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துச் சாப்பிடும்போது அதன் நாரும் சேர்ந்து உள்ளே செல்கிறது, மென்று விழுங்க நேரம் எடுக்கிறது, வயிறும் நிரம்புகிறது. மென்பானத்தையோ இரண்டு நிமிடத்திற் குடித்து முடித்துவிட்டு, அதன் பிறகும் வழமைபோலச் சோறு சாப்பிடலாம். சீனி கலந்த தடித்த தகரப்பாலை ஊற்றினால், கரண்டியால் சீனி போடாவிட்டாலும் தேநீருக்குள் சீனி வந்துவிடும்.

கண்டிப் பிரதேசத்தில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கித்துள் கருப்பட்டி சீனியல்ல, ஆகவே எவ்வளவும் உண்ணலாம் என்பதே அது. கித்துள் மரத்தின் பூந்துணரைச் சீவிப் பெறும் பதநீரைக் காய்ச்சியே பாணியும் கருப்பட்டியும் செய்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான். ஆயினும் சிறு துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் பழைய வழக்கத்தில் ஒரு நன்மை இருக்கிறது: எவ்வளவு உண்கிறோம் என்பது கையிலேயே தெரிகிறது. கோப்பையின் அடியில் கரைந்துபோன மூன்று கரண்டியை யார் காண்கிறார்? கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைச் செய்கையை ஆரம்பித்தார் என்று வரலாற்றிற் படித்திருக்கிறீர்கள். அந்தத் தேயிலைக்குச் சீனி கட்டாயமில்லை. பழக்கம்தான் அதைக் கட்டாயமாக்கியது.

இனி "விளக்குக" என்ற பகுதிக்கு வருவோம். சுக்குரோசு சிறுகுடலில் நொதியத்தாற் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிக்கப்பட்டு உறிஞ்சப்படுகிறது. குருதியிற் குளுக்கோசு உயரும்போது சதையி இன்சுலினைச் சுரக்கிறது. குளுக்கோசு கலங்களுக்குள் சென்று பயன்படுத்தப்படுகிறது. மிகுதி ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அதற்கும் மேற்பட்டால் கொழுப்பாக மாறும். உடற்பருமன் கூடும்போது கலங்கள் இன்சுலினுக்குச் சரியாகத் துலங்காமற் போகலாம். இதுவே இரண்டாம் வகை நீரிழிவுக்கான வழி. ஆகவே "சீனி உண்பவருக்கு நீரிழிவு வரும்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். சீனி, உடல் உழைப்பின்மை, பரம்பரை எல்லாம் சேர்ந்தே ஆபத்தைக் கூட்டுகின்றன. முதலாம் வகை நீரிழிவு சீனி உண்பதால் வருவதன்று. இலங்கையில் வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என 2018-2019 காலப்பகுதியில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு காட்டியது. உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவராவது இருப்பார்.

பல்லின் கதை வேறு. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் pH பெறுமானம் ஏறத்தாழ 5.5 இலும் குறைந்தால் மிளிரியிலுள்ள கனியுப்புகள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சீராக்க அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுக்கும். எனவே இங்கே எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரே போத்தலை மேசையில் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் மிடறு மிடறாகக் குடிப்பவரின் பல்லுக்கு ஓய்வே இல்லை. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையின் வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

போத்தலில் உள்ள சீனியை அறிய ஒரு வழி உண்டு. மென்பானங்களிற் சீனியின் அளவை நிறத்தாற் காட்ட வேண்டும் என்ற ஒழுங்குவிதி இலங்கையில் 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமிலும் குறைந்தால் பச்சை. நல்ல ஏற்பாடு. ஆனால் நிறம் 100 மில்லிலீற்றருக்கு உரியது, போத்தலுக்கு உரியதன்று. எங்கள் மாணவன் குடித்த 36 கிராம் செம்மஞ்சள் நிறத்துக்குள்தான் இருந்தது! நிறத்தைப் பார்த்த பின் போத்தலின் கனவளவையும் பார்த்துப் பெருக்க வேண்டும்.

இப்போது கணக்குக்குத் திரும்புங்கள். அந்தப் போத்தலை மட்டும் விட்டுத் தண்ணீர் குடித்தால் 84 இலிருந்து 36 போய் 48 கிராம். ஒரே மாற்றத்தில் 50 இற்குக் கீழே வந்துவிட்டான். அடுத்து, தேநீரில் மூன்று கரண்டியை ஒன்றரையாக்கினால் 24 கிராம். இதை ஒரே நாளிற் செய்தால் தேநீர் வாயில் வைக்க முடியாது. அடுத்த நாளே பழையபடி மூன்று கரண்டிக்குப் போய்விடுவீர்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் மூன்று வாரத்தில் முடியும். நாவும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். வீட்டில் தேநீர் ஊற்றுபவர் அம்மாவானால், "எனக்குச் சீனியைப் புறம்பாகத் தாருங்கள் அம்மா, நானே போடுகிறேன்" என்று கேளுங்கள்.

பயிற்சி வினா

250 மில்லிலீற்றர் பழப்பானப் பைக்கற்று ஒன்றில் 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் சீனி எனக் குறிக்கப்பட்டுள்ளது.
(அ) இதில் இருக்க வேண்டிய நிறக்குறியீடு யாது?
(ஆ) பைக்கற்றிலுள்ள மொத்தச் சீனியைக் கிராமிலும் தேக்கரண்டியிலும் தருக.
(இ) அச்சீனியாற் கிடைக்கும் சக்தி எத்தனை கிலோ கலோரி?
(ஈ) "பைக்கற்றிற் பழத்தின் படம் உள்ளது, ஆகவே இதைக் குடிப்பது பழம் உண்பதற்குச் சமம்" என்கிறான் உமது நண்பன். அவனுக்கு நீர் கூறும் பதிலை இரு காரணங்களுடன் எழுதுக.