அலோர் ஸ்டார் 2560 ஆனது எப்படி?

அலோர் ஸ்டாரின் அஞ்சல் குறியீடு 05000. இதை ஒரு மென்பொருளின் அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதி வைத்தால், சில வேளைகளில் அந்த மென்பொருள் அதை 2560 என்று படிக்கும். தட்டச்சுப் பிழையும் இல்லை, கணினியும் பழுதாகவில்லை. பார்சல் மட்டும் போய்ச் சேராது.

அமைப்புக் கோப்பு, அதாவது துறையில் உள்ளவர்கள் ‘கொன்ஃபிக் ஃபைல்’ என்று சொல்வது, நிரலைத் தொடாமல் மாற்றக்கூடிய விவரங்களைத் தனியே எழுதி வைக்கும் இடம். கடை முகவரி, மூடும் நேரம், எந்த சர்வரோடு பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் பிள்ளைகள் கல்லூரியில் நிரல் எழுதக் கற்கிறார்கள். இந்தக் கோப்பின் தொல்லையைப் பெரும்பாலும் வேலைக்குப் போன பிறகுதான் சந்திக்கிறார்கள்.

இந்தக் கோப்புகளை எழுதப் பலரும் பயன்படுத்தும் வடிவம் யாமல். அதன் 1.1 பதிப்பில் ஒரு விதி உண்டு. சுழியத்தில் தொடங்கி, 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே இருந்தால், அது எட்டின் அடிப்படையிலான எண். ஆகவே 05000 என்பது 5×8×8×8, அதாவது 2560. கங்காரின் 01000 அதே கணக்கில் 512 ஆகிவிடும். ஆனால் சுங்கைப் பட்டாணியின் 08000-இல் 8 இருப்பதால் அது தப்பித்துக்கொள்ளும். ஆபத்து இங்கேதான். சுங்கைப் பட்டாணியை வைத்துச் சோதித்துப் பார்த்த இளைஞர், எல்லாம் சரி என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்.

நார்வே நாட்டின் குறியீடு ‘என்ஓ’. அதே பழைய விதிப்படி யாமல் அதை ‘இல்லை’ என்ற பதிலாக எடுத்துக்கொள்ளும். நாடுகளின் பட்டியலிலிருந்து நார்வே காணாமல் போகும். கடை மூடும் நேரம் 20:30 என்று எழுதினால் அது 1230 ஆகும். மணியை அறுபதால் பெருக்கி நிமிடத்தைக் கூட்டிவிடுகிறது. 3.10 என்ற பதிப்பு எண் 3.1 ஆகிவிடும். 2009-இல் வந்த யாமல் 1.2 இவற்றில் சிலவற்றைத் திருத்தியது. ஆனாலும் பைதானில் அதிகம் புழங்கும் பையாமல் இன்னும் பழைய விதியையே பின்பற்றுகிறது.

கோயில் இளைஞர் பிரிவின் பெயர்ப்பட்டியலை எக்செலில் தட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் மைகாட் எண் சுழியத்தில் தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். மைகாட் எண்ணையோ தொலைபேசி எண்ணையோ யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. பார்க்க எண்ணாக இருந்தாலும் அவை எழுத்துகள்தான்.

இதற்கு முதல் மருந்து மேற்கோள் குறி. "05000" என்று எழுதினால் அது எழுத்தாகவே நிற்கும். ஆனால் மனிதர் மறப்பார். அதனால் ஒவ்வொரு விவரமும் எந்த வகை என்பதை நிரலிலேயே அறிவித்துவிட வேண்டும்: அஞ்சல் குறியீடு எழுத்து, வரி விகிதம் எண், சோதனை நிலை ஆம் அல்லது இல்லை. மென்பொருள் தொடங்கும்போதே கோப்பை இந்த அறிவிப்போடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பாதி வேலை முடிந்த பிறகு, அதுவும் தீபாவளி விற்பனை நடுவே நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பைதானில் இதைச் செய்ய பைடான்டிக் இருக்கிறது. எழுத்து வர வேண்டிய இடத்தில் 2560 என்ற எண் வந்தால், 2023-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு பிழை காட்டும். முதல் பதிப்பு சத்தமில்லாமல் அதை "2560" என்ற எழுத்தாக மாற்றி ஏற்றுக்கொண்டுவிடும். எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டோமல் வடிவமே என் பரிந்துரை. அதில் எழுத்துக்கு மேற்கோள் குறி கட்டாயம். சுழியத்தில் தொடங்கும் முழு எண்ணை அது ஏற்பதே இல்லை.

சர்வரின் சூழல் மாறிகளிலிருந்து விவரம் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே எல்லாமே எழுத்துதான். ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லை வகை மாற்றாமல் பைதானிடம் நேரடியாகக் கொடுத்தால், காலியில்லாத எழுத்து என்பதால் அதை ‘ஆம்’ என்றே எடுத்துக்கொள்ளும். அணைத்துவிட்டதாக நினைத்த சோதனை நிலை, வாடிக்கையாளர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.