குடியை விட எங்கே போவது?

சிகிச்சை இருக்கிறது, வழிதான் பலருக்குத் தெரிவதில்லை. அந்த இடைவெளியில் ரகசியப் பொடி விற்பவர்கள் கடை விரிக்கிறார்கள்.

பஸ் நிலையச் சுவர்களிலும் ரயில் பெட்டிகளிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள் ஆசை காட்டுகின்றன: குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம். சோற்றிலோ காபியிலோ கலந்து கொடுத்தால் போதுமாம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் மனைவிகளும் உண்டு.

டைசல்ஃபிராம் உண்மையான மருந்துதான். ஆனால் அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், இதயம் படபடக்கும், வாந்தி எடுக்கும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளி விஷயம் தெரிந்து, சம்மதித்து, டாக்டரின் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது. எதுவும் தெரியாத கணவர் மாலையில் வழக்கம்போல் மதுக்கடைக்குப் போனால் மனைவியின் நல்லெண்ணமே எமனாகிவிடும்.

குடும்பங்கள் குறுக்கு வழி தேடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மத்திய அரசுக்காகத் தில்லி எய்ம்ஸ் நடத்தி, 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடிப் பேர். இவர்களில் உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி. அதிலும் ஏறக்குறைய 2.9 கோடிப் பேர் குடிக்கு அடிமையானவர்கள். அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஓர் உதவியைப் பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்தான்.

திடீரென நிறுத்தலாமா?

கோயிலில் சத்தியம் செய்துவிட்டு மறுநாளே நிறுத்துபவர்கள் உண்டு. எப்போதாவது குடிப்பவருக்கு இதனால் சிக்கல் இல்லை. பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவருக்கோ இது விபரீதமாகலாம். கடைசிக் குடிக்குப் பின் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காமல் விட்டால் மரணம்கூட நேரலாம். முன்பு வலிப்பு வந்தவர்களும் காலையில் எழுந்ததுமே குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்களும் மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். அங்கே குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்துகளை அதிக அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளையைக் காப்பாற்ற வைட்டமின் பி1 கொடுப்பார்கள்.

இதற்கு ஒரு வாரமோ பத்து நாட்களோ ஆகும். பலர் இதையே முழுச் சிகிச்சை என்று நினைத்து வீடு திரும்புகிறார்கள், திரும்பவும் குடிக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பின்தான் சிகிச்சை தொடங்குகிறது. குடிக்கும் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. நண்பர்கள் அழைத்தால் எப்படி மறுப்பது, சம்பள நாளை எப்படிக் கடப்பது என்று பழக்கும் ஆலோசனையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. தில்லி எய்ம்ஸின் தேசிய மையம் காஜியாபாத்தில் இயங்குகிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதி உதவியுடன் தொண்டு நிறுவனங்கள் மறுவாழ்வு மையங்களை நடத்துகின்றன. தனியார் முயற்சிகளில் இரண்டு முன்னோடிகள். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று. எழுத்தாளர் அனில் அவசட்டும் அவர் மனைவி டாக்டர் அனிதாவும் 1986ல் புனேயில் தொடங்கிய முக்தாங்கண் மற்றொன்று.

எல்லோருக்கும் மருத்துவமனை தேவையில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவுக்கு மீறிக் குடிக்கும் 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017ல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் முந்தைய இரண்டு வாரங்களில் குடிக்கவில்லை. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் இது 18 சதவீதம்தான்.

செலவே இல்லாத வழி ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ல் அமெரிக்காவில் பிறந்த இந்த அமைப்பின் கூட்டங்கள் இந்திய நகரங்கள் பலவற்றில் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். குடியை விட விரும்புவது ஒன்றே தகுதி.

ஏமாறாமல் இருக்க

வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு இல்லங்களும்' இருக்கின்றன. அடி, பூட்டிய அறை, சில சமயம் மரணம் என்று செய்திகள் வருகின்றன. மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் 2017ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாகவே கருதுகிறது. எனவே இவர்களைச் சேர்த்துக்கொள்ளும் மையங்கள் பதிவு செய்தாக வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதற்குச் சட்டம் தடை விதித்திருக்கிறது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ் எங்கே? டாக்டர் எப்போது வருவார்? வீட்டார் பார்க்கலாமா, போனில் பேசலாமா? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

அவர் வர மறுத்தால்?

பெரும்பாலான வீடுகளில் இதுதான் பிரச்சினை. அவருக்காகக் காத்திருக்காமல் மனைவியோ தாயோ முதலில் போகலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. அவர் கடனை அடைப்பது, அலுவலகத்துக்குப் பொய் சொல்லி லீவு வாங்கித் தருவது போன்றவற்றை எப்படி நிறுத்துவது, எந்த நேரத்தில் எப்படிப் பேசினால் அவர் காது கொடுப்பார் என்றெல்லாம் ஆலோசகர்கள் சொல்லித்தருகிறார்கள். அவர் அடிக்கிறார் என்றால் பாதுகாப்பான இடத்துக்குப் போவதே முதல் வேலை. போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. 2022ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416; இதில் 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். இந்த எண்களைக் கூப்பிட அவருடைய சம்மதம் தேவையில்லை.