வழியில் தொலைந்த வாட்டுகள்

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன்கள் ஊமையாயின. பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா நலமாக இருக்கிறாளா என்று தெரியாமல் அம்மா நான்கு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் அத்தான் மோட்டார் சைக்கிளில் வந்து சொன்ன பிறகுதான் வீட்டில் உலை வைத்தார்கள். அரசின் தேர்வெழுதி, அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று, வீட்டிலேயே பேசவும் கேட்கவும் வல்ல ஒரு நிலையம் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்போது பிறந்ததே.

உரிமம் வந்ததும் சேமிப்பையெல்லாம் கருவியிலேயே கொட்டினேன். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் 25 வாட் கருவி. மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு அன்டெனாவையும் ஏற்றினேன். மிச்சமிருந்த சில்லறைக்குக் கிடைத்தது ஆர்ஜி-58 என்னும் மெல்லிய கோஆக்சியல் கேபிள், 25 மீட்டர். கம்பி கம்பிதானே என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன்.

கோஆக்சியல் கேபிளின் நடுவில் ஒரு செப்புக் கம்பி. அதைச் சுற்றிப் பாலிதீன். அதன்மேல் செப்புப் பின்னல். வெளியே கறுப்பு உறை. இதை '50 ஓம் கேபிள்' என்கிறோம். மல்டிமீட்டரை வைத்து அந்த 50 ஓமைத் தேடினால் கிடைக்காது, நானும் தேடியிருக்கிறேன்! அது உட்கம்பிக்கும் பின்னலுக்கும் உள்ள விட்ட விகிதத்தாலும் இடையிலுள்ள பொருளாலும் அமைவது. கேபிளை நறுக்கினாலும் நீட்டினாலும் மாறாது. நீளத்தோடு மாறுவது இழப்பு.

145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் இழக்கும். என் 25 மீட்டருக்கு 5 டெசிபெல். அதாவது கருவியிலிருந்து புறப்பட்ட 25 வாட்டில் அன்டெனாவைச் சேர்வது 8 வாட்தான். மீதி கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. அன்டெனா பிடித்த மெல்லிய குரலும் இறங்கி வருகையில் அதே விகிதத்தில் தேய்கிறது. சுண்டுவிரல் பருமனுள்ள ஆர்ஜி-213 போட்டிருந்தால் 15 வாட் மேலே போயிருக்கும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் பேசுவோர்க்கு இதே மெல்லிய கேபிள் போதும். அங்கே 25 வாட்டில் 20 வாட் தப்பிவிடும். எந்த அதிர்வெண், எத்தனை மீட்டர் என்ற இரண்டையும் சொல்லாமல் நல்ல கேபிள் எது என்று கேட்பதில் பொருளில்லை.

இன்னொரு வேடிக்கை. தொலைக்காட்சிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம். வானொலிக்கு ஆகாது என்று பலர் ஒதுக்குவார்கள். 50க்கும் 75க்கும் உள்ள பொருத்தமின்மையால் திரும்புவது நூற்றுக்கு நான்கு பங்குதான். அதன் இழப்போ ஆர்ஜி-58இன் பாதிக்கும் குறைவு. கையில் காசில்லாதவன் இதைப் போடுவதே மேல் என்பது என் கட்சி. ஒன்று மட்டும்: அதன் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், பற்றவைப்பு ஒட்டாது, திருகிப் பொருத்தும் முனைகளைத்தான் நாட வேண்டும்.

இனி என் துயரக் கதை. அன்டெனா முனையில் நான் பொருத்திய பி.எல்.-259 இணைப்பு நீர் புகாத வகையன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பின்னல், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலத் தண்ணீரை உறிஞ்சியது. முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த நண்பருக்கு என் குரல் எட்டவில்லை. ஆனால் திரும்பி வரும் சக்தியை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், மழைக்கு முன் 1.5 காட்டியது இப்போது 1.2 காட்டியது! ஒன்றுக்கு நெருங்க நெருங்க நல்லது என்பது பாடம். மகிழ்ந்துபோய்க் கருவியைத்தான் சந்தேகித்தேன்.

கடைசியில் அன்டெனாவைக் கழற்றிவிட்டு, கருவிக்குக் கேடு வராதபடி மிகக் குறைந்த சக்தியில் ஒரு நொடி அழுத்திப் பார்த்தேன். அன்டெனாவே இல்லை, மீட்டர் 1.3 காட்டியது. போகும் அலையையும் திரும்பும் அலையையும் கேபிளே குடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வர ஏதுமில்லாததால் மீட்டர் பாராட்டியது. நனையாத ஆர்ஜி-58 கூட, 25 மீட்டர் இருந்தால், மறுமுனை வெறுமையாக இருக்கும்போது 2க்குக் கீழேதான் காட்டும். எனவே கேபிளின் நலத்தை அறிய, மறுமுனையில் 50 ஓம் போலிச் சுமையும் வாட் மீட்டரும் வைத்து, போய்ச் சேர்வதை அளப்பதே முறை. உறையைக் கீறிப் பார்த்தேன். பளபளத்த செம்பு கரிக்கட்டையாக இருந்தது.

இப்போது ஆர்ஜி-213 ஓடுகிறது. இணைப்பின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் நாடா சுற்றியிருக்கிறேன். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருக்கிறேன். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். இடி முழங்கினால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவேன். மின்சாரம் போனால் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஊரே இருண்டிருந்த ஓர் இரவு அழைத்தேன். "பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது தம்பி" என்றார் நண்பர். இனி பட்டுக்கோட்டையில் ஒரு நிலையம் வேண்டும். அக்கா தேர்வெழுதச் சம்மதித்துவிட்டாள். மாடியில் குழாய் நடத்தான் அத்தான் இன்னும் இடம் கொடுக்கவில்லை.