“கரைந்துவிடுமே!”

முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார், அல்லது தொலைபேசியில் அழைக்கிறார். ஏதோ ஒரு பொருளை விற்க வேண்டும் அவருக்கு. இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நம் வீட்டுப் பெரியவர்கள், “விலை அதிகம்”, “இருப்பதே போதும்”, “இதெல்லாம் உழைக்காது” என்று ஏதாவது ஒரு மறுப்பைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த மறுப்பில் எந்தப் பகுதி உண்மை, எந்தப் பகுதி வெறும் பயம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் தேர்ந்த விற்பனையாளரின் வேலை.

இதில் இயற்பியலுக்கு என்ன இடம் என்று கேட்கிறீர்களா? வெயில் கொளுத்தும் ஊர்களில் பனிக்கட்டி விற்கப் புறப்பட்ட ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவர் போன இடமெல்லாம் எதிர்கொண்டது ஒரே மறுப்பு: “கரைந்துவிடுமே!”

அவர் பெயர் பிரெடரிக் டியூடர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தவர். அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி, மேற்கிந்தியத் தீவுகளில் விற்கலாம் என்பது அவர் எண்ணம். 1806ஆம் ஆண்டு அவர் இந்த வேலையில் இறங்கியபோது வயது 22. ஊரே சிரித்தது. கப்பல்காரர்கள் சரக்கை ஏற்ற மறுத்துவிட்டார்கள். பனிக்கட்டி உருகித் தண்ணீரானால் கப்பல் என்ன ஆவது என்பது அவர்கள் கவலை. டியூடர் தாமே ஒரு கப்பலை விலைக்கு வாங்கினார். சுமார் 130 டன் பனிக்கட்டியுடன் அது மார்ட்டினிக் தீவின் செயிண்ட் பியர் துறைமுகத்துக்குச் சென்றது.

சரக்கில் பெரும்பகுதி நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தது. தொல்லை அதற்குப் பிறகுதான். அவ்வூர் மக்களில் பலர் பனிக்கட்டியைப் பார்த்ததே இல்லை. வாங்கியவர்களில் ஒருவர், நண்பகல் வெயிலில் தெருவழியே அதை எடுத்துச் சென்று, வீட்டு வாசலில் தட்டில் வைத்துவிட்டு, உருகுகிறதே என்று குறைபட்டாராம். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மூன்றாமவர் உப்புக்குள் புதைத்தார்! மீனையும் இறைச்சியையும் கெடாமல் காக்கும் உப்பு இதையும் காக்கும் என்று நினைத்தார் போலும். உப்பு சேர்ந்தால் பனிக்கட்டியின் உருகுநிலை தாழ்கிறது. ஆகவே அது இன்னும் விரைவாக உருகும்.

அந்த ஊரில் டிவோலி தோட்டம் என்ற கேளிக்கை இடத்தை நடத்தியவர், “இந்த நாட்டில் ஐஸ்கிரீம் செய்ய முடியாது, பனிக்கட்டி என் இடத்துக்கு வந்து சேருமுன்பே கரைந்துவிடும்” என்று அடித்துச் சொன்னார். டியூடர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 40 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 18 கிலோ பனிக்கட்டிக்கு ஆர்டர் எழுதினார். பாலேட்டைத் தயாராக வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் தாமே போய் அதை உறைய வைத்துக் கொடுத்தார். முதல் இரவிலேயே 300 டாலருக்கு ஐஸ்கிரீம் விற்றது. மறுத்தவர் பணிவாகிவிட்டார்.

வாய்ப்பேச்சைவிடச் செயல் வென்றது, சரி. ஆனால் அந்த மறுப்பு வெறும் பயம்தானா? இல்லை. பனிக்கட்டி கரையத்தான் செய்யும். எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதுதான் கேள்வி. இதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

0 டிகிரியில் இருக்கும் 1 கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். இதை உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். அதே அளவு வெப்பம் 1 கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதும். ஆகவே பனிக்கட்டி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டாவது விஷயம் அளவு. வெப்பம் பரப்பின் வழியே நுழைகிறது. உருக வேண்டியதோ முழுக் கன அளவும். 10 செ.மீ. பக்கமுள்ள கட்டி ஒன்று அறையில் 8 மணி நேரத்தில் கரைவதாக வைத்துக்கொள்வோம். பக்கம் இரு மடங்கானால் பரப்பு 4 மடங்கு, கன அளவு 8 மடங்கு. ஆகவே கரைய எடுக்கும் நேரம் இரு மடங்கு. 180 டன் பனிக்கட்டியை இடைவெளியின்றி ஒரே கனசதுரமாக அடுக்கினால் பக்கம் ஏறத்தாழ 5.8 மீட்டர் வரும். சிறு கட்டியைப்போல் 58 மடங்கு. அப்படியானால் 464 மணி நேரம், அதாவது 19 நாள் தாங்கும். ஒரு காப்பும் இல்லாமலே!

ஆனால் 19 நாளில் தொலைதூர நாடுகளுக்குப் போக முடியாதே? அங்கேதான் மரத்தூள் வருகிறது. மரத்தூளின் இடுக்குகளில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை அரிதில் கடத்தும். கம்பளியும் அப்படியே. செயிண்ட் பியரில் டியூடர் விளம்பரம் செய்தபோதே, வாங்க வருபவர்கள் கம்பளித் துணி கொண்டு வரவேண்டும் என்று அச்சிட்டிருந்தார். (கம்பளியில் சுற்றினால் பனிக்கட்டி சூடேறி உருகிவிடும் என்று என் கல்லூரி மாணவர்களிலேயே சிலர் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. கம்பளி தானாக வெப்பம் தருவதில்லை. வெப்பம் போவதையும் வருவதையும் தடுக்கிறது, அவ்வளவுதான்.) காப்புப் பொருள் நனைந்தால் பயனில்லை. ஆகவே உருகிய நீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். கப்பல்காரர்களின் கவலையில் இருந்த உண்மையான பகுதி இது.

இவற்றையெல்லாம் டியூடர் உடனே சரிசெய்துவிடவில்லை. முதல் பயணத்தில் நஷ்டம். பிறகு கடன், கடனுக்காகச் சிறைவாசமும் கிடைத்தது. அதன்பின் கியூபாவின் ஹவானா நகரில் பனிக்கட்டிக் கிடங்கு கட்டியபோது, கையில் கடிகாரத்துடன் நின்று, சுவரிலும் காப்பிலும் மாற்றங்கள் செய்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நீர் வடிகிறது என்று அளந்தார். சாதாரண நிலவறைக் கிடங்கில் ஒரு பருவத்தில் பாதிக்கு மேல் உருகிவிடும். அவருடைய கிடங்கில் சுமார் 8 சதவீதமே உருகியது.

“குளிர்பானம் யாருக்கு வேண்டும்?” என்ற வேறொரு மறுப்பும் இருந்தது. அதற்கு அவர் மதுக்கடைக்காரருக்குப் பனிக்கட்டியை இலவசமாகக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, குளிர்ந்த பானத்தைப் பழைய விலைக்கே விற்க வேண்டும். ஒரு வாரம் குளிர்ச்சியாகக் குடித்துப் பழகியவர் மறுபடி வெதுவெதுப்பானதைத் தொடமாட்டார் என்பது அவர் கணிப்பு. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இல்லாத தேவையை இப்படி உண்டாக்குவது எனக்கு முழுவதும் உவப்பாக இல்லை. ஐஸ்கிரீம் செய்து காட்டியதில் இருந்த நேர்மை இதில் கொஞ்சம் குறைவு.

1833ஆம் ஆண்டு மே மாதம், 180 டன் பனிக்கட்டியுடன் ‘டஸ்கனி’ என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்து அது வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பனிக்கட்டியைக் கொண்டுவந்தவருக்குக் கிண்ணம் பரிசளித்தார்.

பிறகு பம்பாய்க்கும் சென்னைக்கும் பனிக்கட்டி வந்தது. சென்னைக் கடற்கரைச் சாலையில் வட்டமான முகப்புடன் நிற்கும் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று விவேகானந்தர் இல்லம். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842ஆம் ஆண்டு வாக்கில் டியூடரின் பனிக்கட்டிக்காகக் கட்டப்பட்டதுதான் அது. டியூடர் 1864இல் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1874இல், இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் கம்பெனி ஒன்று சென்னையிலேயே தொடங்கியது. இத்தனை தூரத்திலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அந்த மறுப்புக்குப் பாஸ்டன்காரர்களிடம் பதில் இல்லை.