மொட்டை மாடியில் குளுகுளு ராத்திரி! நாலு டின், நாலு கம்பு, ஒரு சாக்கு போதும்

புரட்டாசி வெயிலைச் சமாளிக்க மதுரை வீடுகளுக்குச் சுலப வழிகள்

"ஆவணியே வந்தாச்சு, வெக்கை மட்டும் போக மாட்டேங்குதே அண்ணே!"

டீக்கடை பெஞ்சு முதல் டவுன் பஸ் வரை மதுரையில் ஆண்டுதோறும் கேட்கும் புலம்பல் இது.

அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயிலும் முடிந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். மதுரைக்காரர்கள் ஏமாற மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்திக் கேரளத்துக்கே கொடுத்துவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது வறண்ட காற்றுதான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும் வரை, எப்போதாவது சாயங்காலம் இடியோடு கொட்டும் மழை ஒன்றுதான் ஆறுதல்.

2024 செப்டம்பரில் மதுரை விமான நிலையத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்! "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத்தோப்பில் நடக்கும் கதையும் அதுதானே! வந்திக் கிழவியின் கூலியாளாக வைகைக் கரைக்கு மண் சுமக்க வந்த சொக்கநாதரே, புட்டைத் தின்றுவிட்டு மர நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். பாண்டியனிடம் பிரம்படியும் வாங்கினார். சாமிக்கே நிழல் தேவைப்பட்டது. ஓர் அறை வீட்டில் ஆறு பேர் படுக்கும் குடும்பத்துக்குத் தேவைப்படாதா?

ராத்திரி ஏன் வேகிறது?

பகல் முழுக்க வெயிலில் காயும் கான்கிரீட் தளம், சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. சூரியன் இறங்கியதும் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல அறைக்குள் விடுகிறது. அதனால்தான் ராத்திரி 10 மணிக்கும் மின்விசிறி அனல் காற்றை வீசுகிறது.

பழைய மச்சு வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. மரச்சட்டத்தின் மீது செங்கல்லைக் குத்தாக அடுக்கி, கனமாகச் சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். சூடு இறங்குவதற்குள் சாயங்காலமாகிவிடும்.

ராத்திரி வெக்கையை வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. பகலில் வெயிலில் உழைத்த உடம்பு ராத்திரியில்தான் ஆற வேண்டும். அதுவும் இல்லையென்றால் வயதானவர்கள், கைக்குழந்தைகள், இருதய நோயாளிகளுக்கு உயிருக்கே ஆபத்து. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் உத்தரவிட்டது.

ஏ.சி. வாங்க எல்லாருக்கும் வசதி இல்லை. ஆனால் தலைக்கு மேலே ஒரு மாடி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கை வைத்தால் அதைப் படுக்கையறையாக மாற்றிவிடலாம்.

நாலு டின், நாலு கம்பு

வேண்டியவை: காலியான பெரிய பெயின்ட் டின் 4. ஆள் உயரத்துக்கு மேல் ஓர் அடி கூடுதலாக உள்ள சவுக்குக் கம்பு 4. கொஞ்சம் சிமென்ட், மணல், ஜல்லி.

டின்னின் நடுவில் கம்பை நேராக நிறுத்தி, சுற்றிலும் சிமென்ட் கலவையைக் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். கம்பு சாயாமல் இருக்க மேலே கயிறு கட்டி, 2 நாள் அசைக்காமல் விட வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்து வந்தால் கலவை நன்றாக இறுகும். நாலு தூண் தயார்!

பகலில் இதன் மேல் பச்சை நிற நிழல் வலையைக் கட்டினால் பந்தல். செடி வளர்க்கப் பயன்படும் அதே வலைதான். 50 சதவீதம், 75 சதவீதம் என்று நிழல் அளவைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். ஆட்கள் உட்காரவும் துணி காயப்போடவும் 75 சதவீத வலை நல்லது. தளத்தின் மேல் நேராக வெயில் விழாமல் தடுத்துவிட்டால், கீழே அறையும் அந்த அளவுக்குச் சூடு குறையும்.

ராத்திரியில் அதே தூண்களில் கொசுவலையைக் கட்டலாம். ஒரே செலவில் இரண்டு வேலை!

வலையை முரட்டு முடிச்சாகப் போடக்கூடாது. ஒரு நுனியை இழுத்தால் உருவிக்கொள்ளும் முடிச்சாகப் போட வேண்டும். சாயங்காலம் திடீரென்று சூறைக்காற்று கிளம்பினால் அரை நிமிடத்தில் வலையை இறக்கிவிடலாம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். வலை எம்மாத்திரம்? பக்கத்து வீட்டு மின்கம்பியில் போய் விழுந்தால் வினையாகிவிடும்.

கீற்றா? உஷார்!

தென்னங்கீற்றுக்கு ஈடு எதுவும் இல்லை. சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளின் கீற்றைப் போட்டால் நிழலும் குளிர்ச்சி, காற்றும் குளிர்ச்சி. ஆனால் ஒரே ஒரு பொறி போதும்.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டதைத் தமிழ்நாடு மறக்காது.

கீற்றுப் பந்தல் போட்டே தீர வேண்டும் என்பவர்கள் அதன் கீழே அடுப்பு மூட்டக்கூடாது. பீடி, சிகரெட், கொசுவத்தி கூடாது. வெற்று ஒயரில் பல்பு தொங்கக்கூடாது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பந்தலைப் பிரித்துவிட வேண்டும். ராக்கெட் வெடி எந்தக் கூரையில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

சுண்ணாம்பு செய்யும் மாயம்

கறுத்த தளம் வெயிலைக் குடிக்கும். வெள்ளைத் தளம் திருப்பி அனுப்பும். ரகசியம் இவ்வளவுதான்.

குஜராத்தின் அகமதாபாத்தில் 2010-ல் அடித்த கடும் வெயிலில் பலர் மாண்டார்கள். அதன் பிறகு 2013-ல் அந்த நகரம் வெயிலைச் சமாளிக்கத் தனித் திட்டமே வகுத்தது. பின்னாளில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் அங்கே நடந்தது. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே 'குளிர் கூரை'க் கொள்கை கொண்டுவந்தது. வெள்ளைக் கூரையால் அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும் என்று கணக்கிடுகிறார்கள்.

செய்முறை சுலபம். தளத்தைக் கூட்டிக் கழுவிக் காயவிட வேண்டும். விரிசலை வெள்ளைச் சிமென்டால் அடைக்க வேண்டும். நீற்றின சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைக்க வேண்டும். அதோடு வெள்ளைச் சிமென்டும், ஒட்டிப்பிடிக்கக் கொஞ்சம் பசையும் சேர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பூச்சு. மறுநாள் குறுக்கு வாட்டத்தில் இன்னொரு பூச்சு.

"ஐப்பசி மழை எல்லாத்தையும் கரைச்சிடாதா?" என்று கேட்கலாம். வெறும் சுண்ணாம்பு என்றால் கரையத்தான் செய்யும். வெள்ளைச் சிமென்ட் சேர்த்தால் ஓரளவு தாங்கும். மழைக்கு முன்னால் விரிசல் அடைபடுவது இன்னொரு லாபம். பங்குனியில் மறுபடி ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் கோடை முழுக்கக் கவலையில்லை.

நீற்றாத கல் சுண்ணாம்பு வாங்குகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அண்டவிடக்கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்ட வீட்டுக்காரர்கள் ஓட்டின் மேல் ஏறவே கூடாது. கால் வைத்தால் உடைந்து உள்ளே விழ நேரிடும். அந்த ஓட்டைச் சுரண்டவும் கூடாது. அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஓரமாக ஏணி போட்டு நின்று, நீளக் கம்பில் பிரஷைக் கட்டி, எட்டுகிற மட்டும் அடித்தாலே போதும்.

சாக்கும் வெட்டிவேரும்

மேற்குப் பார்த்த ஜன்னல்தான் சாயங்கால எதிரி. பழைய கோணிச்சாக்கைப் பிரித்து, மேல் ஓரத்தில் ஒரு கம்பைக் கோத்துத் தொங்கவிட்டு, பிற்பகலில் 2 முறை நனைத்தால் போதும். உள்ளே வரும் காற்று ஈரத்தில் பட்டுக் குளிர்ந்து வரும். நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கிச் சாக்கோடு சேர்த்துத் தைத்துவிட்டால் வாசனையும் சேரும். ராத்திரியில் சாக்கைக் காயப்போட மறந்தால் பூஞ்சை பிடித்து நாறும்.

மொட்டை மாடித் தளத்துக்குத் தண்ணீர் தெளிப்பவர்கள் உச்சி வெயிலில் தெளிக்க வேண்டாம். பொழுது இறங்கிய பிறகு தெளித்தால் குறைந்த தண்ணீரில் தளம் ஆறும். துணி அலசிய தண்ணீரே இதற்குப் போதும்.

பானைக்குள் பானை

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் காய்கறி வாடாமல் இருக்க ஒரு வழி உண்டு. பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையில் 2 விரல் அகலத்துக்கு மணலை நிரப்ப வேண்டும். மணலைக் காலையும் மாலையும் நனைத்து, வாயை ஈரத்துணியால் மூடி, காற்று வரும் நிழலில் வைக்க வேண்டும். மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்பானையின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

நைஜீரியா நாட்டு ஆசிரியர் முகமது பா அப்பா இந்த முறையை அங்குள்ள கிராமங்களில் பரப்பி, 2000-ல் ரோலக்ஸ் விருது பெற்றார். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. கடற்கரை ஊர்களைவிட மதுரைக்கு இது பொருத்தம். வெண்டை, கத்தரி, கீரை மட்டுமல்ல. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியையும் வாடாமல் வைக்கலாம். பானைக்கு மானாமதுரை இருக்கவே இருக்கிறது.

படுக்கப் போகுமுன்...

கயிற்றுக் கட்டில் இருந்தால் யோகம். தரையில் பாய் போட்டால் தளத்தின் சூடு முதுகில் ஏறும். கட்டிலில் கீழேயும் காற்று ஓடும்.

ஆனால் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கட்டிலைப் போடவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடந்து மாடியிலிருந்து விழுபவர்கள் உண்டு. கட்டிலில் ஏறி நிற்கும் குழந்தைக்குச் சுவரின் உயரம் பாதியாகிவிடுகிறது. குழந்தைகள் நடுவில், பெரியவர்கள் ஓரத்தில். மாடிப்படிக் கதவுக்குத் தாழ்ப்பாள். ராத்திரி எழுபவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டார்ச் லைட்.

காக்கை குருவிக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியையும் கவனிக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சட்டியின் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தினமும் தண்ணீரை மாற்றி, வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும். டிரம், குடங்களைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

இவ்வளவு செய்தும் யாருக்காவது உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறி, மயக்கம் வந்தால் தாமதிக்கக்கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறி, 108-க்கு உடனே போன் செய்ய வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும்.

ஐப்பசிக்கு முன் மூட்டை கட்டு!

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் எட்டிப்பார்க்கும். அதற்குள் வலையைச் சுருட்டி, சாக்கைக் காயவைத்து மடித்து, டின் தூண்களை ஓரங்கட்ட வேண்டும்.

மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடைந்த சருகு, பிளாஸ்டிக் பையை எடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டாயம். கட்டியதோடு அதை மறந்தவர்கள்தான் ஏராளம். தொட்டியில் படிந்த சேற்றை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டால் மாடியில் விழும் மழை கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் போய்ச் சேரும்.

நாலு டின்னும் நாலு கம்பும் பத்திரமாக இருக்கட்டும். பங்குனி வந்தால் மறுபடி வேலை இருக்கிறது!