கட்டடமே திரையாகும் புரொஜெக்ஷன் மேப்பிங்

கோவில்களும் அரண்மனைகளும் ஒளியில் அசைவது போன்ற வீடியோவைக் காட்டி, "இதற்கு என்ன சாப்ட்வேர்?" எனப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இதன் பெயர் புரொஜெக்ஷன் மேப்பிங். ஒடிசாவின் கோனார்க் சூரியக் கோவிலில் 2017 செப்டம்பரில் இத்தகைய காட்சி தொடங்கப்பட்டது.

எங்கள் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தையே எடுத்துக் கொள்வோம். அடுக்குகளும் மாடங்களும் நிறைந்த அதன் மீது சாதாரண வீடியோவைப் பாய்ச்சினால் படம் கோணல்மாணலாகும். எனவே, முதலில் கட்டடத்தை அளந்து, அதே வடிவத்தில் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் அமைக்க வேண்டும். பிளெண்டர் என்னும் இலவச சாப்ட்வேரில் இதனைச் செய்யலாம். மாடலுக்குள் ஒரு விளக்கை நகர்த்தினால் மாடத்தின் நிழலும் நகரும். இந்த வீடியோவை நிஜ மாடத்தின் மேல் மிகச் சரியாகப் பொருத்தும்போது கல்லே அசைவதாகக் கண் நம்புகிறது. தனிக் கண்ணாடி தேவையில்லை.

நான் இதனை அட்டைப் பெட்டி ஒன்றில் சோதித்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

1. வெள்ளைத்தாள் ஒட்டிய பெட்டியின் ஒரு மூலை, புரொஜெக்டரை நோக்கி இருக்கட்டும்.

2. விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி, டூப்ளிகேட் தேர்ந்தெடுக்கவும்.

3. பவர்பாயிண்ட்டில் கறுப்புப் பின்னணி அமைக்கவும். கறுப்பு உள்ள இடத்தில் வெளிச்சம் அநேகமாக விழாது.

4. இரண்டு செவ்வகங்கள் வரைந்து, ரைட் கிளிக் செய்து, எடிட் பாயிண்ட்ஸ் மூலம் மூலைகளை இழுக்கவும். எப்5 அழுத்திப் பார்த்து, பெட்டியின் இரு பக்கங்களுக்கும் பொருந்தும் வரை திருத்தவும்.

5. ஒன்றுக்கு வெளிர் நிறமும் மற்றதற்கு அடர் நிறமும் கொடுத்து, பின் மாற்றிப் பாருங்கள். வெளிச்சம் இடம் மாறியது போலத் தோன்றும்.

வீடியோவை இப்படிப் பொருத்த மேப்மேப் என்னும் இலவச சாப்ட்வேர் உதவும். பொருத்திய பின் புரொஜெக்டரை அசைக்கக் கூடாது.

வீட்டு புரொஜெக்டர் கோபுரத்திற்குப் போதுமா? போதாது. 3,000 லூமென் ஒளி 3 சதுர மீட்டர் சுவரில் பரவினால் 1,000 லக்ஸ் கிடைக்கும். 300 சதுர மீட்டரில் 10 லக்ஸ்தான்.

ஆணி அடிக்காமல், வண்ணம் பூசாமல் பழங்கட்டடத்தை அலங்கரிக்க முடிவதே இதன் பெரிய நன்மை. ஆனாலும் பெரிய கோவில், 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பாதுகாக்கப்பட்ட சின்னம். முறையான அனுமதி இன்றி அங்கு முயல வேண்டாம். பெட்டி பழகிய பின், நவராத்திரி கொலுப் படிகளில் முயன்று பாருங்கள்.