நாணல் காட்டில் தொலையும் வெள்ளித் துகள்

1993 ஜூலையில் லண்டனின் ஹெண்டர்சன்ஸ் பிலிம் லேபில் பிடித்த தீயில், சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் சிக்கின. கருகியும் உருகியும் மிஞ்சியதை யாரும் குப்பையில் போடாததுதான் நம் அதிர்ஷ்டம். இருபது ஆண்டுகள் கழித்து அவை இத்தாலியின் பொலோன்யா நகர லேப் ஒன்றுக்குப் போயின. பிய்ந்துபோன ஓரத் துளைகளைப் புதிதாகக் கட்டினார்கள். உருகி ஒட்டிக்கொண்ட டேப்பையும் பசையையும் மெழுகையும் கையாலேயே எடுத்தார்கள். இந்தக் கைவேலைக்கு மட்டும் ஏறத்தாழ 1,000 மணி நேரம். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதத்தை மூல நெகட்டிவிலிருந்தே மீட்க முடிந்தது, ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கும் மேல். ‘அபூர் சன்சார்’ நெகட்டிவ் தேறவே இல்லை. காப்பகங்களில் இருந்த பிரதிகள் கைகொடுத்தன.

பிரதி இருக்கும்போது கருகிய நெகட்டிவோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? கறுப்பு வெள்ளை பிலிமில் படம் என்பதே வெள்ளித் துகள்கள்தான். பிரேமுக்குப் பிரேம் அவை வேறு வேறு இடத்தில் விழுவதால் திரையில் மெல்லிய துடிப்பு தெரியும். அதுதான் கிரெயின். பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்கக் கிரெயின் தடிக்கும், நுணுக்கம் மங்கும்.

இவ்வளவு பாடுபட்டு மீட்கும் படங்கள் ஓடிடியில் அடி வாங்குவது இந்தக் கிரெயினால்தான். ஒரு 4கே படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 600 கோடி பிட் வேண்டும். ஓடிடியில் நம் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கோடி. 4கே புளூரே டிஸ்க்கில்கூட உச்சம் 12.8 கோடிதான். முந்தைய பிரேமில் இருந்ததையே திரும்ப எடுத்துக்கொண்டு, மாறியதை மட்டும் அனுப்புவது சுருக்கும் மென்பொருளின் தந்திரம். அசையாத சுவரென்றால் வேலை சுலபம். ‘பதேர் பாஞ்சாலி’யில் ரயில் வரும் அந்த நாணல் காட்டை நினைத்துப் பாருங்கள்: ஆயிரக்கணக்கான வெண்பூக்கள் காற்றில் ஆடுகின்றன, மேலே கிரெயினும் துடிக்கிறது. எதுவுமே முந்தைய பிரேம் போல இல்லை. பிட் போதாதபோது மென்பொருள் நுணுக்கத்தை வழித்தெடுத்துவிடும். பூக்கள் திட்டுத்திட்டாகும், முகங்கள் மெழுகுபொம்மை ஆகும். மூலையில் ‘4கே’ முத்திரை மட்டும் ஜோராக மின்னும்.

2018இல் வந்த ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறை இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. கிரெயினை நீக்கிவிட்டுப் படத்தைச் சுருக்கும். கிரெயினின் பருமன், அடர்த்தி போன்ற குறிப்புகளை மட்டும் கூடவே அனுப்பும். அதைப் படித்து டிவியே புதுக் கிரெயினைத் தூவிக்கொள்ளும். 2025இல் நெட்ஃபிளிக்ஸ் இதைப் பரவலாக்கியது. கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் பிலிமில் விழுந்த கிரெயின் அல்ல, அதன் சாயல். மெழுகு முகத்துக்கு இது எவ்வளவோ மேல் என்பேன்.

கடைசித் தடை நம் வீட்டிலேயே இருக்கிறது. பல டிவிகள் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ ஓடும் நிலையிலேயே கடையிலிருந்து வருகின்றன. அவற்றுக்குக் கிரெயினும் துடைக்க வேண்டிய அழுக்குதான். செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதையே வையுங்கள்.